ஒல்லி வருஷங்கள்

துரப்பணத்தின் முனை சிப்பியைத் தொட்டதும் எழுகிற சத்தம் டெல்பினுக்குக் காதில் விழுவதில்லை, நேராகக் கடைவாய்ப் பல்லில் போய்த்தான் விழும். பல் வைத்தியர் வைத்திருக்கும் அதே கருவி, அதே ஊசிமுனை. வாய்க்குப் பதிலாக எதிரே ஒரு சிப்பித் துண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். எத்தனையோ வருஷமாக இதையே பிழைப்பாகச் செய்தும் அந்தக் கூச்சம் மட்டும் போகவில்லை. முனை நகர்ந்த கோட்டில் மாவு போல வெள்ளைப் பொடி எழுந்தது. மூச்சு பட்டால் பறந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை மெல்லிய தகட்டில் வழித்து, கண்ணாடிக் குப்பிக்குள் தட்டி மூடினாள். குப்பி ஒன்றுக்குச் சில வாரங்கள். இன்றைய வாரங்கள் இல்லை. ஐயாயிரமோ ஆறாயிரமோ வருஷத்துக்கு முன்னால், இதே கடலில், இந்தச் சிப்பி வாயைத் திறந்து மூடிக்கொண்டு உயிரோடு கிடந்த காலத்தின் ஏதோ ஒரு பங்குனியும் சித்திரையும். சிப்பி தன் ஓட்டைக் கடல்தண்ணீரிலிருந்துதான் கட்டிக்கொள்கிறது, வருஷத்துக்கு ஒரு வரியாக. அந்தத் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனில் கனத்தது கொஞ்சம், லேசானது மிச்சமெல்லாம். கடல் சூடாக இருந்தால் கனத்தது ஓட்டில் குறைவாக ஏறும், குளிர்ந்திருந்தால் கூடுதலாக ஏறும். பக்கத்து அறையில் இருக்கும் ஹமீதாவின் இயந்திரம் பொடியைத் தின்றுவிட்டு அந்தக் கணக்கைச் சொல்லும். செத்த பிறகும் பொய் சொல்லத் தெரியாத ஜீவன் என்று டெல்பின் கூட்டங்களில் பேசும்போது சொல்வாள், எல்லோரும் சிரிப்பார்கள். இன்றைக்கு அவளுக்கே சிரிப்பு வரவில்லை. குப்பியை வரிசையில் வைத்துவிட்டு, மேசையில் மல்லாந்து கிடந்த கைப்பேசியைப் பார்த்தாள். அது சும்மா கிடந்தது.

தம்பி கிளாட்வின் விடிகிற நேரத்துக்கே படகேறிப் போய்விட்டான். இந்நேரம் தீவுக்குத் தெற்கே பாரின்மேல் நங்கூரம் போட்டிருப்பார்கள். பார் என்றால் கடலடியில் கிடக்கும் பவள மேடு. தூத்துக்குடிக் கடற்கரையில் யாரும் பவளப்பாறை என்று நீட்டி முழக்குவதில்லை. அந்தப் பாரின் சிதைந்த ஓரத்தில் சிமெண்ட் கூண்டுகளை இறக்கி, உடைந்து கிடக்கும் பவளக் கிளைகளை நைலான் நூலால் அதில் கட்டிக் கட்டி வளர்ப்பதுதான் கிளாட்வினின் வேலை. "கடலுக்குள்ள செடி நடுத மாப்பிள்ளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று அம்மா கேட்பாள். "அது செடியில்லம்மா, பூச்சி" என்பான் அவன். "அப்பச் சுத்தம்" என்பாள் அம்மா. பூச்சிதான். அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது, நிறமும் கொடுக்கிறது. தண்ணீர் ரொம்பச் சூடாகிவிட்டால் பவளம் அந்தப் பாசியைத் துப்பிவிட்டு வெள்ளை வெளேரென்று நிற்கும், பட்டினியாக. சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பி வந்து குடியேறும். குளிராவிட்டால் அவ்வளவுதான், வெள்ளையின் மேல் பச்சைச் சளி படர்ந்துவிடும். முன்பு ஒரு கோடையில் அப்படி ஆனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்த கிளாட்வின் குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. உடம்பில் உப்பு பூத்துக் கிடக்க நடையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, தன் பிள்ளைகள் எல்லாம் ஒரே நாளில் நரைத்துவிட்டதைப் பார்த்தவன் மாதிரி கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இடத்துக்கு அவன் திரும்பப் போகவே இல்லை. வேறு இடத்தில் புதுக் கூண்டு இறக்கினார்கள். இப்போது மறுபடியும் அதே மாதிரி ஒரு சித்திரை. காற்று விழுந்து போய், கடல் எண்ணெய் ஊற்றி வைத்தது போல அசையாமல் கிடக்கிறது. நேற்று ராத்திரி சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு அவன் சொன்னான்: "எக்கா, நாளைக்கு மூழ்கிப் பாக்கப் போறேன். வெளுத்துச் செத்திருந்தா நான் கப்பலுக்குப் போயிருதேன். இன்னொரு தடவ என்னால முடியாது."

கப்பல்காரர்களின் ஏஜெண்டு இன்று சாயங்காலம் பதில் கேட்டிருக்கிறான். காகிதங்கள் டிவியின் மேல் இருக்கின்றன, பறந்துவிடாமல் இருக்க அம்மா அதன்மேல் ஒரு மாதா சுரூபத்தை வைத்திருக்கிறாள். டெல்பினுக்குக் கப்பல் என்ற வார்த்தை கேட்டாலே அப்பா ஞாபகம்தான். அப்பா கப்பலில் செத்துப்போகவில்லை, மூழ்கவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் நல்லபடியாகத் திரும்பி வந்தார், சோப்பும் பால்மாவு டின்னும் கொண்டுவந்தார். ஆனால் வந்தவர் விருந்தாளி. அம்மா அவருக்கு விருந்தாளித் தட்டில் சோறு போடுவாள். உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒருநாள் மத்தியானம், வேர்த்து வழிய நின்றுகொண்டு, "ஃபேன் போட்டுக்கிடட்டுமாம்மா?" என்று டெல்பினிடம் கேட்டார். அவளுக்கு அப்போது எட்டு வயசோ ஒன்பது வயசோ. சொந்த வீட்டில் விசிறி போட மகளிடம் அனுமதி கேட்கிற மனுஷன். அன்றைக்கு அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது, போட்டுக்கோங்க என்று பெரிய மனுஷி போலத் தலையாட்டினாள். பிறகு வயது ஏற ஏற அந்தக் கேள்வி நெஞ்சுக்குள் முள்ளாகிவிட்டது. கிளாட்வினும் அப்படி வந்து நிற்பான். உப்பு எங்கேக்கா இருக்கு என்பான். இதை அவனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போகாதே என்று பிடித்து நிறுத்த அவள் யார்? வெளுத்துப் போனதைத் தினமும் போய்ப் பார் என்று சொல்வது மட்டும் என்ன நியாயம்? ஆனாலும் போகக்கூடாது, அவன் போகவே கூடாது. துரப்பணம் கையில் சுற்றிக்கொண்டே இருந்ததைக் கொஞ்சம் தாமதித்துத்தான் கவனித்தாள். அணைத்தாள்.

இன்னும் ஒரு வரிசைதான் பாக்கி. அதற்கப்புறம் கருங்கோடு. இந்தச் சிப்பி மண்டபம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கிணறு தோண்டும்போது, கடலே இல்லாத இடத்தில், மண்ணுக்கடியில் கிடைத்தது. பழைய காலத்தில் அதுவரை கடல் இருந்திருக்கிறது. கழுத்து நிற்காத பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கவேண்டிய அளவு பெரிய சிப்பி, ஒரு பாதி மட்டும். இந்தப் பக்கத்துக் கடலில் இப்போது இதை உயிரோடு பார்த்தவர்களை அவளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடம் பூட்டியிருந்ததால், ஈரச் சாக்கில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்து பின்வாசலில் காயவைத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. மறுநாள் பரமக்குடி பக்கம் ஒரு வேலையாகப் போய்விட்டு ரெண்டு மூன்று நாள் கழித்துத் திரும்பினால், சிப்பி பின்வாசலில் இல்லை. முன்வாசலில், நிலைக்கு வலப்பக்கம், இடுப்பு உயரத்தில் சுவரோடு சுவராக வெள்ளை சிமெண்டில் பதிக்கப்பட்டு, பளபளவென்று, நிறையத் தீர்த்தத்தோடு நின்றது. அம்மா விரலை நனைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "கோயில்ல மாதிரியே அமஞ்சிருக்குல்லா?" என்றாள். மாதா கோயில்களில் பெரிய சிப்பியைத் தீர்த்தத் தொட்டியாக வைப்பது வழக்கம்தான். வீட்டுக்கு ஒரு சிப்பி தானாக நடந்து வந்திருக்கிறது, அதை மாதா அனுப்பியதாக எடுத்துக்கொள்ளாமல் வேறென்ன செய்வாள் ஒரு மனுஷி? டெல்பின் பையை அங்கேயே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? எதப் போட்டுத் தேச்ச?"

"புளி போட்டுத்தான். போகலன்னு கொஞ்சம் ஆசிட். பொறவு உப்புத்தாள். ஏட்டி, பூரா மண்ணும் பாசியுமா கெடந்துச்சு, மாதா வாசல்ல வைக்கிற பொருள அப்படியேவா வைப்பாவ? விளிம்பு நெளிநெளியா ஒரு மட்டத்துக்கு நிக்கல, கொத்தனார் தட்டி நேராக்கிக் குடுத்தான்."

"எவ்வளவு தட்டுனான்?"

"கை வெட்டாத அளவுக்கு."

கை வெட்டாத அளவுக்கு. அந்த ஒரு வாக்கியம் அன்றிலிருந்து டெல்பினின் தலைக்குள் ஈ மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. சிப்பி விளிம்பில்தான் வளரும். விளிம்புதான் அதன் கடைசி வருஷங்கள். அந்தக் கடைசி வருஷங்களைத்தான் கொத்தனார் உளியால் தட்டித் தள்ளியிருக்கிறான், மிச்சத்தை அம்மா உப்புத்தாளால் தேய்த்துச் சாக்கடையில் விட்டிருக்கிறாள். டெல்பின் அதைச் சுவரிலிருந்து பெயர்த்தபோது அடிப்பக்கம் சிமெண்டோடு ஒரு கட்டியாக உடைந்து வந்தது, அம்மா ஒரு வாரம் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோதும் "தீர்த்தத் தொட்டிய ஒடச்சவ" என்றுதான் ஆரம்பித்தாள். நடுவே ஒரு துண்டு அறுத்து மெருகேற்றிப் பார்த்ததில் உள்ளே எல்லாம் நன்றாகவே இருந்தது. வரி வரியாக வருஷங்கள், கொழுத்த வருஷங்கள், ஒழுங்காகக் கோடையும் மாரியுமாக. போன வாரம் ஹமீதாவின் இயந்திரம் முதல் கட்டக் கணக்கைக் கொடுத்தது. சாதாரணக் கோடைகள் வரிசையாக வந்து, கடைசியில் ஒரு கோடை ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது, இப்போதைய மோசமான கோடைகளுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. அந்த இடத்தில் கருங்கோடு. வளர்ச்சி நின்றுபோனதற்கு அடையாளம். அதற்கப்புறம் நகக்கண் அளவுகூட ஓடு இல்லை, அங்கே உளியின் தழும்பு. ஆக, இரண்டில் ஒன்று. அந்தக் கோடையில் சிப்பி செத்துப்போயிருக்கலாம். அல்லது அதைத் தாண்டி வாழ்ந்து, அந்த வருஷங்கள் கொத்தனாரின் காலடியில் தூளாகியிருக்கலாம். எது என்று எவன் சொல்வான்? கை வெட்டாத அளவுக்கு என்றால் ஒரு வருஷமா, பத்து வருஷமா? ஆறாயிரம் வருஷம் மண் பத்திரமாக வைத்திருந்ததை அம்மா ஒரு மத்தியானத்தில் சுத்தம் பண்ணிவிட்டாள். கோபம் வரும்போதே, அந்தத் தொட்டியில் விரல் நனைத்தபோது அம்மா முகத்தில் இருந்த சந்தோஷமும் சேர்ந்து வந்து கோபத்தைக் கெடுத்துவிடுகிறது.

கைப்பேசி இன்னும் சும்மாதான் கிடந்தது. கடலுக்கு நடுவில் சிக்னல் கிடைக்காது, கரைக்குப் பாதி வழி வந்தால்தான் பேசமுடியும், இது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எடுத்துப் பார்த்தாள், வைத்தாள், எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே உப்பளத்துப் பக்கம் வெயில் வெள்ளையாகக் கொதித்தது. இந்த ஊரில் மாதாவுக்குப் பேர் பனிமய மாதா. பனி என்பதை ஐஸ் பெட்டியில் மட்டும் பார்த்த ஊர். அம்மா காலையில் பூசைக்குப் போய்வந்து, "பேருல மட்டும் பனிய வச்சுக்கிட்டு இருந்தா ஆச்சா, அந்தக் கடல்ல கொஞ்சம் எறக்கி விடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள். மாதாவிடம் இவ்வளவு உரிமையாகப் பேச அம்மாவால்தான் முடியும். தனக்கு அதுவும் வராது என்று நினைத்தாள் டெல்பின். கேட்பதற்கு ஆளில்லாதவர்கள் கையை வேலையில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கடைசி வரிசையைக் குடையவும் மனசில்லை, குடைந்தால் கருங்கோட்டில் போய் முட்டவேண்டும், அந்தக் கோட்டில் போய் நிற்க இன்றைக்குத் தெம்பில்லை. கழிவுத் தட்டில் கிடந்த சிமெண்ட் கட்டியை எடுத்தாள். சுவரிலிருந்து பெயர்க்கும்போது உடைந்த அடிப்பக்கம். சிப்பியின் இரண்டு பாதியும் சேருகிற கீல் அதற்குள்தான் இருந்தது, கதவுக்குக் கீல் மாதிரி. சிமெண்டும் சுண்ணாம்பு, சிப்பியும் சுண்ணாம்பு, ரெண்டும் கலந்தால் கணக்கு கெட்டுப்போகும் என்று அன்றைக்கே கெட்டதோடு கெட்டதாக ஒதுக்கி வைத்திருந்தாள். சும்மா, ஒரு கொக்கி ஊசியால் சிமெண்டைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

கிளாட்வின் இப்போது தண்ணீருக்குள் இருப்பான். முகமூடியில் மூச்சுக் குமிழ் ஏறும். கூண்டுக்கு மேலே வந்து நின்று பார்ப்பான். சிமெண்ட் ஒரு சில்லாகத் தெறித்தது. அவன் கண்ணில் முதலில் எது படும்? மேல்வரிசை. மேல்வரிசைதான் சூட்டை முதலில் வாங்கும். இன்னொரு சில்லு. சின்னப் பிள்ளையில் அவனுக்கு நீச்சல் பழக்கியது அவள்தான், துறைமுகத்துக்கு இந்தப் பக்கம், இடுப்பளவு தண்ணீரில், வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்து. கையை எடுத்துவிட்டாள் என்று தெரியாமலே அவன் நீந்திக்கொண்டு போனான், திரும்பிப் பார்த்ததும்தான் மூழ்கினான். பெரிய சில்லு ஒன்று கழன்று விழுந்தது. அதன் கீழே, சிமெண்டின் அச்சு பதிந்த இடத்தில், சிப்பியின் பழைய தோல் அப்படியே இருந்தது. மண்ணும் பாசியும் கறையுமாக. புளி படவில்லை, ஆசிட் படவில்லை, உப்புத்தாள் படவில்லை. கொத்தனார் முதலில் கீலைத்தான் சுவரில் வைத்துப் பூசியிருக்கிறான், அம்மா தேய்த்ததெல்லாம் பிறகு, வெளியே தெரிகிற பாகத்தை. கண்ணுக்குத் தெரியாததை எதற்குத் தேய்ப்பாள்? சிப்பி விளிம்பில் வளரும்போதெல்லாம் கீலிலும் வளரும். விளிம்பில் விரல் அகலம் போட்டால் கீலில் நூல் அகலம் போடும், ஆனால் போடாமல் விடாது. முதல் வருஷத்திலிருந்து செத்த வருஷம் வரைக்கும் கீலில் எல்லாம் இருக்கும், நெருக்கிப் பிடித்து, சின்னதாக. படித்த பெண்ணுக்கு இது தெரியாதா? தெரியும். சிமெண்டைப் பார்த்த கோபத்தில் மறந்துபோயிருந்தாள், அவ்வளவுதான். தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு கட்டியை அறுப்புக் கருவியில் பூட்டினாள்.

அறுப்புத் தகடு மெதுவாகச் சுற்றியது, தண்ணீர் சொட்டச் சொட்ட. அவசரப்பட்டால் வெடித்துவிடும். அவள் அவசரப்படவில்லை, அவசரமெல்லாம் பாதத்தில்தான் இருந்தது, அது தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. அறுத்து, மெருகுத்தாளில் தேய்த்து, கழுவி, நுண்ணோக்கியின் கீழே வைத்தாள். வரிகள் தெரிந்தன. நூல் நூலாக, சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக. தட்டை நகர்த்திக்கொண்டே போனாள். அதோ கருங்கோடு. இங்கேயும் அதே இடத்தில், அதே கருப்பு. அவள் நகர்த்துவதை நிறுத்தினாள். அதற்கப்புறம் என்ன என்று பார்க்கத் துணிவில்லாமல் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, எதிர்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் இருந்த மயிலைக் கொஞ்சநேரம் பார்த்தாள். என்ன பைத்தியக்காரத்தனம்! என்றைக்கோ நடந்து முடிந்தது, இவள் பார்ப்பதாலும் பார்க்காததாலும் மாறவா போகிறது? பார்த்தாள். கோட்டுக்கு அப்பால் ஏதோ இருந்தது. வரிகளா, கீறல்களா? மெருகுத்தாள் போட்ட கீறலாகவும் இருக்கலாம். இருக்கிறது என்று மனசு சொல்கிறது, ஆனால் மனசு இன்றைக்குச் சாட்சி சொல்லத் தகுதியில்லாதது. அதற்கு ஒரு பதில் வேண்டியிருக்கிறது. வேண்டிய பதிலை எதிலும் பார்க்கும், மேகத்தில் முயல் பார்க்கிற மாதிரி. டெல்பின் எழுந்து பக்கத்து அறைக் கதவைத் தட்டினாள்.

ஹமீதா காயல்பட்டினத்துப் பெண், தன் இயந்திரத்தைத் தவிர உலகத்தில் எதையும் அவ்வளவாக நம்பாதவள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து குனிந்தாள்.

"இதுல ஒரு கருப்புக் கோடு இருக்கா?" என்று கேட்டாள் டெல்பின். "அதுக்கு அங்கிட்டு என்ன தெரியுதுன்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"பரீட்சையா?" என்றாள் ஹமீதா. திருகைத் திருகினாள், திருகிக்கொண்டே இருந்தாள். டெல்பின் தன் கட்டை விரலை மற்றக் கைக்குள் வைத்து நசுக்கினாள். "கோடு இருக்கு. அதுக்கு அங்கிட்டு ரொம்ப நெருக்கமா, முடி மாதிரி... ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவது இருக்கோ இல்லியோ. அதுக்குப் பொறவு வெலகுது. அகலமாகுது. இது பாருங்க, இது நல்லா கொழுத்திருக்கு." நிமிர்ந்தாள். "ஏன், இந்தக் கோட்டோட முடிஞ்சிரணுமா? முடியலையே. அது பாட்டுக்குப் போய்க்கிட்டுல்லா இருக்கு."

டெல்பின் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. "எதுக்குங்க அழுவுதீங்க? நல்லதுதானே சொன்னேன்" என்று பதறினாள் ஹமீதா. "நல்லதுதான்" என்றாள் டெல்பின். "ஒண்ணுமில்ல ஹமீதா. செத்துப்போயிருக்கும்னு நெனச்சிருந்தேன்." எப்போதோ செத்துப்போன சிப்பிதானே என்று ஹமீதா கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு, பொடி எடுக்கும்போது சிமெண்ட் பக்கம் போகாமல் உள்ளே தள்ளி எடுக்கவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

தனியாக இருந்தபோது பயம் வேறு வேஷத்தில் வந்தது. கிளாட்வின் கூப்பிட்டால் என்ன சொல்வது? சொல்லிவிடலாம். அந்தக் காலத்துக் கடலும் இப்படித்தான் கொதித்தது, எல்லாம் பிழைத்துக்கொண்டது, நீ கவலைப்படாதே என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அக்கா சொன்னால் நம்புவான். தண்ணீருக்குள் கையை எடுத்தது தெரியாமல் நீந்தினவன்தானே. ஆனால் அது பொய். ஒரு சிப்பி ஒரு சிப்பிதான், பார் ஆகாது. சிப்பி வேறு, பவளம் வேறு. அன்றைக்கு அந்தச் சூடு வந்தது, போய்விட்டது. இன்றைக்கு வருவது போகும் என்று யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்? இந்தச் சின்ன வரிகளின் பொடியை இன்னும் இயந்திரத்துக்குக் கொடுக்கக்கூட இல்லை. ஆசைக்காகக் கணக்கை வளைக்கிறவள் என்று தன்னைப் பற்றித் தானே நினைக்கும்படி ஆகிவிடக்கூடாது. அதேசமயம் கண்ணால் பார்த்ததைச் சொல்லாமல் விழுங்கினால் அது மட்டும் என்ன நேர்மை? நின்றது, மெலிந்தது, மறுபடி வளர்ந்தது. இது பொய்யில்லை. இதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டாமல், இதற்குக் கீழே ஒரு வார்த்தை குறைக்காமல் சொல்லவேண்டும். உள்ளதை உள்ளபடி சொல்வதற்கு இவ்வளவு ஒத்திகை தேவைப்படுகிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அப்போதுதான் கைப்பேசி மேசையில் அதிர்ந்து, தானாக நகர்ந்து, ஒரு குப்பியில் போய் முட்டியது.

"எக்கா." பின்னால் படகின் என்ஜின் சத்தம்.

"சொல்லுல."

"வெளுத்துருக்கு."

கண்ணை மூடிக்கொண்டாள்.

"மேல் வரிசை பூரா. மான்கொம்பு மாதிரி நிக்கும்லா, அது மொத்தமும். கீழ சரி பாதி. உருண்டையா இருக்கிறது மட்டும் கொஞ்சம் நெறத்தோட நிக்கி."

"செத்துப் போச்சால?"

"இல்ல." அவன் குரல் கொஞ்சம் ஏறியது. "மூஞ்சிய ஒட்ட வச்சுப் பாத்தேன். சின்னச் சின்னதா விரல நீட்டிக்கிட்டுதான் கெடக்கு. சளி புடிக்கல. பட்டினியாக் கெடக்குக்கா. போன தடவ இவ்வளவு பக்கத்துல போய்ப் பாத்தேனான்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. வெள்ளையப் பாத்தேன், மேல ஏறிட்டேன்." என்ஜின் சத்தம் தணிந்தது, யாரோ எதையோ கேட்டார்கள், அவன் ஏதோ பதில் சொன்னான். "ஒன் சிப்பி என்ன சொல்லுது? தீர்த்தம் குடிச்ச சிப்பி?"

அவள் சொன்னாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், கோர்வையில்லாமல் சொன்னாள். சிமெண்டுக்கு அடியில் கீல் தப்பித்திருந்ததைச் சொன்னாள். "ஒரு கோடைல அப்படியே நின்னு போச்சு. வளரவே இல்ல. பொறவு மூணு வருசம், நாலோ என்னவோ, ரொம்ப ஒல்லியா, முடி மாதிரி. அதுக்குப் பொறவு பழையபடி கொழுத்துருச்சு. ஆனா இங்க பாரு, இது ஒரே ஒரு சிப்பிதாம்ல. ஒன் பவளமும் அப்படித்தான் பொழைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. அப்ப சூடு எறங்குச்சு, இப்ப எறங்குமான்னும் எனக்குத் தெரியாது."

என்ஜின் சத்தமும் நின்றுபோனது. சிக்னல் போய்விட்டதோ என்று அவள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"எக்கா, அந்த ஒல்லி வருசத்துல எவனாச்சும் மூழ்கிப் பாத்திருந்தா, செத்துப் போச்சுன்னுதான சொல்லியிருப்பான்?"

"ஆமா. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்."

"அப்ப கூடவே இருந்து பாக்க ஒருத்தன் வேணும்லா." காற்றில் அவன் குரல் விட்டுவிட்டு வந்தது. "பழைய வலைய ரெட்டையா மடிச்சு, கூண்டுக்கு மேல நெழல் கட்டலாம்னு நம்ம பயக்க சொல்லுதாங்க. கச்சான் காத்து எடுத்தா தண்ணி குளுந்துரும், அது வரைக்கும் தாக்குப் புடிச்சா போதும். நாளைக்கே எறங்குதோம். ஏஜெண்டுட்ட நானே பேசிக்கிடுதேன். அம்மாட்ட நீ ஒண்ணும் சொல்லாத, நான் வந்து சொல்லுதேன். பசிக்கிக்கா, வச்சிருதேன்."

பசிக்கிறது என்று அவன் சொன்னதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்டது. வைத்த பிறகும் கைப்பேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தாள். கடல் குளிரவில்லை, வெயில் இறங்கவில்லை, மேல்வரிசை பூரா வெள்ளையாகத்தான் நிற்கிறது. ஆனால் உப்பு டப்பா எங்கே இருக்கிறதென்று தெரிந்த ஒருவன் வீட்டில் இருப்பான். சந்தோஷம் வந்தது, கூடவே அது இவ்வளவு சின்ன காரணத்துக்காகவா என்ற கூச்சமும் வந்தது, சந்தோஷம் கூச்சத்தைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. துரப்பணத்தில் இருப்பதிலேயே மெல்லிய முனையை மாட்டினாள். முடி அகல வருஷங்களைக் குடைய வேண்டும், ஒன்றோடு ஒன்று கலக்காமல். கையை மேசையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, முனையைக் கருங்கோட்டுக்கு அப்பால் முதல் ஒல்லி வருஷத்தின்மேல் வைத்தாள். சத்தம் கடைவாய்ப் பல்லில் போய் விழுந்தது. கீலில் ஒரு பாதிதான் இந்த வேலைக்குத் தேவை. மற்றப் பாதியைச் சிப்பியோடு சேர்த்து அம்மாவிடமே கொடுத்துவிடலாம், அறுத்த வெட்டை அடைத்துக்கொண்டு மறுபடி வாசலில் வைத்துக்கொள்ளட்டும், தீர்த்தம் ஊற்றிக்கொள்ளட்டும், இஷ்டம்போல் தேய்த்துக்கொள்ளட்டும். பின்னால் வேறு யாராவது இந்த வருஷங்களைக் கேட்டு வந்தால், கீல் சுவருக்குள் பத்திரமாக இருக்கட்டும். கொத்தனாரிடம் மட்டும் ஒன்று சொல்லவேண்டும், கீல் பக்கம் சிமெண்டைத் தாராளமாகப் பூசச் சொல்லி.